பக்லவா யாருடையது?

2006 மே மாதம் ஐரோப்பிய யூனியன் நாட்டுக்கு ஒரு பலகாரம் என்று இனிப்பு விழா கொண்டாடியது. சைப்ரஸுக்கு நேரே பக்லவாவைப் போட்டார்கள். அவ்வளவுதான்! இஸ்தான்புல் பக்லவாக்காரர்கள் 'அது எங்களுடையது' என்று தெருவில் இறங்கிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சண்டை பிடிபடவில்லை. ஆட்டோமன் சுல்தான்கள் ரம்ஜான் 15-ம் நாள் ஜானிஸரிப் படைவீரர்களுக்கு, பத்துப் பேருக்கு ஒரு தட்டு என்று அரண்மனையிலிருந்து பக்லவா கொடுத்தார்கள். அந்தப் படைக்கு ஆரம்பத்தில் ஆள் பிடித்ததே பால்கன் கிறிஸ்தவக் குடும்பங்களில்தான். 1826-ல் படையைக் கலைத்தாயிற்று. பலகாரம் மட்டும் கிரேக்கம், சிரியா, லெபனான் என்று எல்லா வீட்டிலும் தங்கிவிட்டது. இதில் பாகப்பிரிவினை எப்படிச் செய்வது?

தேசத்தை விடுங்கள், செய்முறையைப் பார்ப்போம். துருக்கியின் தென்கிழக்கே காஸியன்டெப் நகரில், மாவை ஸ்டார்ச் தூவி, மெல்லிய நீளக் கட்டையால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்குத் தேய்க்கிறார்கள். சுமார் நாற்பது அடுக்கு. நடுவில் பாலும் ரவையும் சேர்த்த கூழ், முற்றாமலே பறித்த பச்சைப் பசேல் பிஸ்தா. உருக்கிய நெய். அடுப்பிலிருந்து இறக்கியதும் சர்க்கரைப் பாகு. தேன் கிடையாது.

பி.காம். புத்தி உடனே அடக்க விலைக்குத்தான் போகிறது. பிஸ்தா விலை, நெய் விலை, அந்தக் கைகளின் கூலி. இதையெல்லாம் கூட்டினால் பக்லவா மலிவாக இருக்கவே முடியாது. அப்படியும் மலிவாக விற்கிறார்களே, எப்படி? துருக்கியின் வேளாண் அமைச்சகம் வெளியிடும் கலப்படப் பட்டியலில் பதில் இருக்கிறது: பிஸ்தாவுக்குப் பதில் பச்சைப் பட்டாணி!

2013-ல் காஸியன்டெப் பக்லவாவுக்கு ஐரோப்பிய யூனியனே புவிசார் முத்திரை கொடுத்தது. துருக்கிப் பொருள் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. நல்ல விஷயம்தான். ஆனால், அது காப்பாற்றுவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பக்லவாவை மட்டும். வெறும் 'பக்லவா' என்று போர்டு மாட்டி யாரும் எதையும் விற்கலாம். சைப்ரஸைக் கண்டு கொதித்தவர்கள் பட்டாணியைக் கண்டும் அதே அளவு கொதித்திருக்க வேண்டாமா?

நாம் ஏமாறாமல் இருக்க மூன்று பரீட்சை. முள்கரண்டியால் குத்தினால் சரசரவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஊறிப்போன பழசு. பிஸ்தா வாசனைக்கும் நெய் வாசனைக்கும் பிறகுதான் இனிப்பு தெரிய வேண்டும். முதலிலேயே திகட்டினால் பாகை ஊற்றி எதையோ மறைத்திருக்கிறார்கள். மூன்றாவது, துண்டைத் தலைகீழாகத் திருப்பி, பாகு ஊறிய அடிப்பக்கம் மேலண்ணத்தில் படும்படி வாயில் போடுங்கள். காஸியன்டெப்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

மூன்றிலும் பாஸானால், செய்தவர் துருக்கியரா, கிரேக்கரா என்று கேட்காதீர்கள். இன்னொரு துண்டு கேளுங்கள்.