'என் சரித்திரம்': வாரத் தொடராக ஒரு வாசிப்பு

'என் சரித்திரம்' உ.வே.சாமிநாதையர் (1855–1942) எழுதிய தன்வரலாறு. 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடன் வார இதழில் தொடராக வெளிவந்தது. 122 அத்தியாயங்களோடு முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. 1942 ஏப்ரல் 28 அன்று ஆசிரியர் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவருடைய மகன் எஸ்.கல்யாணசுந்தரையர் 1950-இல் இதை நூலாக வெளியிட்டார். இன்று நாம் இதைத் தடித்த ஒரே புத்தகமாகக் கையில் எடுக்கிறோம். முதல் வாசகர்களோ வாரம் ஒரு அத்தியாயமாக, அடுத்த இதழ் எப்போது வரும் என்று பார்த்திருந்து படித்தார்கள். இந்நூலின் பலமும் அதன் சில குறைகளும் அந்த வாரக் கணக்கிலிருந்தே வந்தவை என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 1940 ஜனவரி தொடங்கி 1942 ஏப்ரல் முடிய ஏறத்தாழ 120 வாரங்கள். அத்தியாயங்கள் 122. அதாவது அநேகமாக ஒரு வாரமும் தவறவில்லை. தொடங்கும்போது அவருக்கு 85 வயது நெருங்கியிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1919-இல். ஓய்வுக்குப் பிறகு இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் வாராவாரம் கெடு வைத்து எழுத உட்காருவது சாதாரண காரியமா? நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. மாதம் ஒரு கட்டுரை எழுதி முடிப்பதற்குள் திணறிப் போகிறேன்.

அவரை எழுத வைத்தவர்கள் விகடன் உரிமையாளர் எஸ்.எஸ்.வாசனும் அப்போது அதன் ஆசிரியராக இருந்த கல்கியும். சிறுகதை, நகைச்சுவைத் துணுக்கு, கேலிச் சித்திரம் என்று நடந்துகொண்டிருந்த பத்திரிகை அது. அதுவரை உ.வே.சா.வின் பதிப்புகளைப் படித்தவர்கள் புலவர்களும் மாணவர்களும். 1930-களில் இதழ்களில் அவர் எழுதிய சிறு கட்டுரைகள் பொது வாசகரிடம் அவரைக் கொஞ்சம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. இப்போது அவரைப் படிக்கப் போகிறவர்கள் சீவகசிந்தாமணியைக் கண்ணால் பார்த்திராத வீட்டுப் பெண்களும் அலுவலக எழுத்தர்களும். அவர்கள் ஒரு வாரம் படித்துவிட்டு மறுவாரம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போய்விட்டால் யாரும் கேட்க முடியாது.

இந்த வாசகருக்காக அவர் தம் உரைநடையையே மாற்றிக்கொண்டார். 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்த 'மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திர'த்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது தெரியும். அங்கே ஆசிரியரின் பெருமை முன்னால் நிற்கிறது. எழுதுகிறவர் கைகட்டி ஓரமாக இருக்கிறார். வாக்கியங்களும் அதற்கேற்ற கனத்தோடு நடக்கின்றன. இங்கே அதே மயிலாடுதுறை வீட்டை, பாடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்கும் பதினேழு வயதுப் பையனின் கண் வழியாகப் பார்க்கிறோம். வாக்கியம் குறுகிவிட்டது. பேச்சு நுழைந்துவிட்டது.

காத்திருக்க வைக்கும் கலை

தொடர்கதை எழுதுகிறவர்கள் வாசகரைத் திரும்ப வரவழைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அத்தியாயக் கடைசியில் கத்தியை ஓங்கி நிறுத்துவது. அல்லது கதவு தட்டப்படும், திறப்பது யார் என்று சொல்லாமல் விடுவது. கல்கி அதில் கைதேர்ந்தவர். உ.வே.சா.விடம் கத்தியும் இல்லை, கதவும் இல்லை. அவருடைய பெரும்பாலான அத்தியாயங்கள் அந்தந்த வாரத்தோடு நிறைவு பெறுகின்றன. முதல் அத்தியாயம் சொந்த ஊரான உத்தமதானபுரம் பற்றியது. ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பரிகாரமாக வீடுகள் கட்டி அந்தணர்களுக்குத் தானம் செய்த கதை. அதைப் படித்துவிட்டு இதழை மூடி வைத்துவிடலாம். மறுவாரம் என்ன ஆகும் என்ற பதைப்பு ஏதும் இல்லை.

ஆனாலும் வாசகர் திரும்ப வருகிறார். காரணம், அந்தப் பையனுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது கிடைக்காமல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. தந்தையார் இசையும் இராமாயணக் கதையும் சொல்லிக் குடும்பத்தை நடத்துகிறார். பிழைப்புக்காக ஊர் ஊராகக் குடிபெயர்கிறார்கள். அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று போகிற இடமெல்லாம் பையனுக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கிறார். தமக்குத் தெரிந்ததை மனமாரச் சொல்லிக் கொடுக்கிறார். அதற்கு மேல் வேண்டுமென்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்ற நினைப்பு வளர்கிறது. பிள்ளையின் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆள் தென்படவில்லை. 1871-இல் நடந்த அந்தச் சந்திப்புக்கு வந்து சேர இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஆகின்றன. 1940-இல் விகடன் வாங்கியவர் அதற்கு ஐந்தாறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். பையன் பட்ட ஏக்கத்தில் ஒரு பங்கு வாசகரையும் பட வைத்துவிட்டார் கிழவர். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு இது பாதிதான் கிட்டும்.

சந்தித்த பிறகாவது ஏக்கம் தீர்கிறதா? இல்லை. பிள்ளையிடம் நேரடியாகப் பாடம் கேட்க வேண்டும் என்று துடிக்கிறான் பையன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் வரும் தளிர் பார்க்கும் நிகழ்ச்சியைத்தான் நூலின் சிறந்த பகுதியாக நான் சொல்வேன். பிள்ளைக்குத் தம் தோட்டத்து மரங்கள்மேல் தனிப் பிரியம். எந்த மரம் துளிர்விட்டிருக்கிறது என்று காலையில் போய்ப் பார்ப்பார். பையன் இதைக் கவனித்துவிட்டான். விடியுமுன் எழுந்து மரம் மரமாகத் தேடி, எங்கே புதுத் தளிர் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறான். பிள்ளை வந்ததும் காட்டுகிறான். அவர் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியின் ஓரத்தில் நின்று பாடம் கேட்கிறான். எண்பத்தைந்து வயதுக்காரர் தம் பிள்ளைப் பருவத்துத் தந்திரத்தை ஒளிக்காமல், வெட்கப்படாமல், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். தம்மை உயர்த்திக்கொள்ளும் தன்வரலாறுகளில் இத்தகைய இடம் வராது.

பிள்ளையின் வறுமையைச் சொல்லும் இடமும் இதே தரத்தது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்த மகாவித்துவான் வீட்டில் எண்ணெய் இல்லை. பையன் போய் வாங்கி வந்து வைக்கிறான். இவ்வளவுதான் நிகழ்ச்சி. புலவரின் வறுமையைப் பற்றிப் பத்துப் பக்கம் புலம்பியிருந்தாலும் இந்த எண்ணெய்க் கிண்ணம் தருவதைத் தந்திருக்காது.

செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராக இருந்தபோது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இந்நூலை வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். தேர்வுக்கு வராத பாடம். முதல் இரண்டு வாரம் பாதி வகுப்பு மணி எப்போது அடிக்கும் என்று சன்னலைப் பார்த்தது. அரியலூர் வந்தபோது கொஞ்சம் அமைதி. அதன்பின் ஒரு வாரம் விடுமுறையால் படிக்க முடியாமல் போனபோது, "ஐயா, அவர் மாயவரம் போய்ச் சேர்ந்தாரா?" என்று நடைபாதையில் நிறுத்திக் கேட்டார்கள். வகுப்பறையில் இந்நூல் பிடிக்க வேண்டுமானால் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பள்ளிகளில் நாம் செய்வது வேறு. 'தமிழ்த் தாத்தா', ஏடு தேடி அலைந்தவர் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறோம். ஆனால் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்த பிரபந்தங்களையெல்லாம் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன ஆகப் போகிறது, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்ற பொருளில் மடக்கும் 1880-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நூலின் பாதியை வெகுவாகத் தாண்டிய பிறகே வருகிறது. அதுவரை படித்துவந்தவருக்கு அந்தக் கேள்வி இடி. எத்தனை ஊர், எத்தனை காத்திருப்பு, எவ்வளவு மனப்பாடம்! அத்தனையும் ஒரு கேள்வியில் சரிகின்றன. முன்கதை தெரியாத மாணவருக்கு அது வெறும் தகவல்.

சொல்லாமல் விட்டவை

வாரந்தோறும் பொது மேடையில் சொந்தக் கதை சொல்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கதையில் வருகிறவர்களோ அவர்கள் பிள்ளைகளோ மறுநாள் படித்துவிடுவார்கள். காந்தியின் 'சத்திய சோதனை'யும் இப்படி 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் வந்ததுதான். 1920-க்குப் பின் நடந்தவற்றை எழுதப் போனால் உடன் உழைத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று அவர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். உ.வே.சா. நிறுத்தவில்லை, பதிலாக மெல்லக் கடந்து போனார். உதவியவர்களை ஊர், பெயர், பதவியோடு சொல்கிறார். எதிர்த்தவர்களைப் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் விடுகிறார். இது பண்பு. ஆனால் 1887-இல் ஒரு சமண காவியத்தை அச்சிட்டபோது அவர் சந்தித்த எதிர்ப்பின் அளவு என்ன என்பதை இதிலிருந்து சரியாக அறிய முடியாது.

சி.வை.தாமோதரம் பிள்ளை வரும் பகுதியை மாணவர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றிய முன்னோடி. சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பி உ.வே.சா.விடம் வந்து கேட்கிறார், உ.வே.சா. கொடுக்க மனமில்லாமல் தவித்து, கடைசியில் மறுக்கிறார். மரியாதை குறையாமல்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தாமோதரம் பிள்ளை 1901-இலேயே மறைந்துவிட்டார். பதில் சொல்ல அவருக்கு வாரப் பத்திரிகை இல்லை. நூறு வாரம் ஒருவரோடு நடந்து பழகிய வாசகர் அவர் பக்கமே நிற்பார். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் நின்றேன். இருவருமே ஏடுகள் செல்லரித்துப் போகுமுன் அச்சில் ஏற்ற வேண்டும் என்று ஒரே பதற்றத்தில் இருந்தவர்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குள்ளும் மௌனம் இருக்கிறது. இளம் வயதிலேயே மணந்த மனைவி மதுராம்பாள் மிகச் சில இடங்களில்தான் தலைகாட்டுகிறார். கணவர் ஊர் ஊராக ஏடு தேடிப் போன நாட்களில் அந்த வீடு எப்படி நடந்தது என்று அறிய வழியில்லை. சாதி வழக்கங்களும் அப்படியே. பிள்ளையிடம் படிக்கும் பையன் சாப்பாட்டுக்கு வேறு இடம் தேடிப் போகிறான். எழுதுகிறவருக்கு அது விளக்கம் தேவைப்படாத செய்தி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, "அவ்வளவு பிரியமான ஆசிரியர் வீட்டிலே ஏன் ஐயா சாப்பிடலை?" என்று கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பாடவேளை முழுக்க.

இன்னொரு குறை கட்டமைப்பைப் பற்றியது. சிந்தாமணிக்குப் பின் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என்று பதிப்புகள் வர வர, அத்தியாயங்கள் போன ஊர், கண்ட கனவான், கிடைத்த ஏடு என்ற ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகின்றன. ஆராய்ச்சி மாணவருக்கு அவை பொற்சுரங்கம். தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்த மனிதர், தேதி தவறாமல் எழுதுகிறார். கதையாகக் கேட்டு வந்தவருக்கோ பழைய ஏக்கம் வற்றிவிட்டது தெரியும். வேண்டியது கிடைத்துவிட்டது, இனி அது பெருகுவது மட்டுமே மிச்சம். 1876-இல் பிள்ளை இறக்கும் இரவு, கிறித்தவரான சவரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, உ.வே.சா. திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கிற காட்சிக்கு ஈடான ஒன்று பிற்பகுதியில் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில்

1942-இல் குண்டு விழும் என்ற அச்சத்தில் சென்னை காலியானது. உ.வே.சா.வும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் வந்து, அங்குள்ள திருவாவடுதுறை ஆதீன மடத்தில் தங்கினார். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினால் பாதி வழியில் மலையும் வேதகிரீசுவரர் கோயிலும் தெரியும். உச்சிவேளையில் சோறுண்ண வந்த கழுகுகளால் பெயர் பெற்ற ஊர் என்று எல்லோருக்கும் தெரியும்; உ.வே.சா. கண்மூடிய ஊர் என்று கேட்டால் அவ்வூர்ப் பிள்ளைகளிலேயே பலர் விழிக்கிறார்கள். பையனாகப் போய்ப் பாடம் கேட்ட அதே ஆதீனத்தின் நிழலில்தான் கடைசி நாட்களும் கழிந்தன. 

அப்போது தொடர் 1890-களின் இறுதியை எட்டியிருந்தது. மணிமேகலைப் பதிப்பு (1898) வரை சொல்லியாயிற்று. மாநிலக் கல்லூரியில் சேர்ந்தது, மகாமகோபாத்தியாயப் பட்டம், பிற்காலப் பதிப்புகள், இரண்டு உலகப் போர்கள் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாக்கி. விடைபெறும் வாசகம் எதுவும் இல்லாமல், இன்னும் எத்தனையோ வாரம் இருக்கிறது என்ற தோரணையிலேயே நூல் நிற்கிறது. மீதியைப் பின்னாளில் 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலில் எழுதியவர் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன்.