கந்தையின் விலை: கரியாஹாட்டும் கொழும்பும்

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியின் நடைபாதைக் கடைகளில் விலை பேச்சில்தான் பிறக்கிறது. கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். வாங்குபவர் அதில் பாதியிலிருந்து தொடங்குவார். வங்காளிகள் இதை ‘தொர்தாம்’ என்பார்கள். அருகே லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கும் இது கைவந்த கலை. ஆனால் கையால் தைத்த காந்தா போர்வையை இணையத்தில் விற்பவருக்கு இந்தத் திறமை உதவாது. அங்கே ஒருமுறை எழுதிய விலைதான் அவருக்காகப் பேசும். அந்த விலையை எங்கிருந்து கணக்கிடத் தொடங்குவது என்பதில் வங்காளமும் இலங்கையும் வேறுபடுகின்றன.

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பஞ்சு வைக்காமல் ஓட்டுத்தையலால் இறுக்குவது காந்தா. அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தையல் நூல். நம் ‘கந்தை’யும் இந்தச் சொல்லும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. மகளுக்கும் பேரனுக்கும் பாட்டி தைத்த பொருளுக்கு யாரும் மணிக்கணக்குப் பார்த்ததில்லை. அது சந்தைக்கு வந்த பிறகும், உழைப்பைக் கணக்கில் சேர்க்காத வழக்கம் கூடவே வந்துவிட்டது. பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் தைக்கும் பெண்களில் பலருக்கு, இடைத்தரகர் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுப்பதுதான் கூலி. மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரைச் சேர்ந்த காந்தா கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கலைக்குப் பெருமை சேர்ந்திருக்கிறது. கூலிக் கணக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இலங்கையில் கைவேலைத் துணி பெரும்பாலும் விலைச்சீட்டோடுதான் கடைக்கு வருகிறது. 1964-இல் தொடங்கிய அரசு நிறுவனமான லக்சல, அதே பத்தாண்டில் பார்பரா சன்சோனி வளர்த்தெடுத்த பெயார்ஃபுட் கைத்தறி, 1991-இல் குருநாகலில் தோன்றிய செலின் ஆகியவை வாடிக்கையாளரைப் பேரமில்லாத விலைக்குப் பழக்கின. செலின் நியாய வணிகச் சான்றிதழும் பெற்றது. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு இலங்கையில் போர்வை தைக்கிறார்கள். நேரத்துக்கு மதிப்புப் போட அவர்களுக்கு ஓர் அளவுகோலும் உண்டு. 2026 ஜனவரி முதல் அங்கே தேசியக் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 இலங்கை ரூபாய்.

ஒரு போர்வைக்கு 100 மணி நேரம் ஆவதாக வைத்துக்கொள்வோம். 8 மணி நேர வேலைக்கு 1,200 என்றால் தையல் கூலி மட்டும் 15,000 இலங்கை ரூபாய். வங்காளத்தில் நாளுக்கு 400 இந்திய ரூபாய் என்று எடுத்தாலும் கூலியே 5,000 ஆகிறது. துணி, நூல், தபால் செலவு இதற்கு மேல். ஆனால் ‘காந்தா’ என்ற பெயரில் 1,500 ரூபாய்க்கும் இணையத்தில் போர்வை கிடைக்கிறது. அவற்றில் பல, அச்சுத் துணியில் அகலமாக இழையோடவிட்டவை. நெருக்கமாகத் தைத்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சின்னப் படத்தில் தெரியாது. அந்த விலையைப் பார்த்துத் தன் விலையைக் குறைப்பவர் தன் கூலியைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

அனுப்பும் செலவில் காந்தாவுக்கு ஒரு சாதகம் உண்டு. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடையை உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. பஞ்சில்லாத காந்தா 40×30×6 பெட்டியில் அடங்கினால் அப்படி வகுத்து வரும் எடை 1.44 கிலோ. பஞ்சு வைத்த ஒட்டுப் போர்வைக்கு உயரம் 20 ஆனால் 4.8 கிலோ.

வரியிலும் பணம் வந்து சேரும் வழியிலும் இரு நாட்டாருக்கும் இடைஞ்சல் உண்டு. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான பருத்தி ரஜாய் போர்வைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் 18 சதவீதம். இலங்கையில் பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2022-இல் அந்நாட்டு ரூபாய் சரிந்து, 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் சில வாரங்களில் 360-ஐ எட்டியபோது, இறக்குமதித் துணி, நூலின் விலையும் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதமும் இலங்கைப் பொருள்களுக்கு 20 சதவீதமும் வரி விதித்தது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கையும் அதே மாதம் நீக்கியது. நேரடியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பிய சிறு விற்பனையாளர்களை இது உடனே தாக்கியது.

கதையும் பாரம்பரியமும் கரியாஹாட்டிடம் இருக்கின்றன. விலைச்சீட்டின் ஒழுங்கு கொழும்பிடம் இருக்கிறது. இணையத்தில் விற்பவருக்கு இரண்டும் வேண்டும். தைக்கும்போது நேரத்தைக் குறித்து வையுங்கள். முதலில் கூலி, பிறகு பொருள், பிறகு அனுப்பும் செலவு, கடைசியில் லாபம் என்று கூட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், எத்தனை நாள் வேலை என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மிக மலிவான ‘கைத்தையல்’ போர்வையைப் பார்த்தால், தைத்தவருக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்ட பிறகு வாங்குங்கள்.