கல் விழித்தால் யாருக்குக் காவல்?

கோரிமேட்டில் நண்பர் ஒருவரின் இல்லம். மாலை வேளை. நண்பரின் மகன் கல்லூரி மாணவன். பகுத்தறிவாளன் என்று தன்னைச் சொல்லிக் கொள்பவன், சொல்லிக் கொள்ளத் தகுதியும் உடையவன். கணிப்பொறியின் முன் அமர்ந்து கற்சிங்கங்களோடு கடும்போர் புரிந்து கொண்டிருந்தான். சிலையாய்ச் சமைந்திருந்த விலங்குகள் திடுமெனக் கண் விழிக்கின்றன, உறுமுகின்றன, அணுகுவோரைக் கல்லாக்க முயல்கின்றன. வியர்க்க விறுவிறுக்கப் போராடி முடித்த பின் தம்பி திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"நம் அய்யனார் குதிரை போலவே இல்லையா, அய்யா? கல்லுக்குள் காவல் ஆவி! எவனோ அமெரிக்கன் செய்கிறான், உலகம் பார்க்கிறது. ஊர்க்கோடியில் நிற்கும் நம் குதிரைகளை வைத்து நாமும் இப்படி ஒன்று செய்யக் கூடாதா? அது நம்முடைய தெய்வமாயிற்றே, வேதக்காரன் தந்ததில்லையே!"

கேள்வி நல்ல கேள்வி. அதன் வாலில் தொங்கிய வாக்கியந்தான் என்னை எழுத வைத்தது.

முதலில் அந்த விளையாட்டைப் பார்ப்போம். பிளிசார்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 2012-ல் வெளியிட்ட 'மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா', 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் பெருவிளையாட்டின் ஒரு பகுதி. அதில் மோகு என்றோர் ஆளும் கூட்டம். கல்லுக்கு உயிரூட்டும் மந்திரம் வல்லவர்கள். அவர்களுக்கு அடிமைப்பட்ட மக்கள் பண்டாரென்கள். மோகு மன்னர்களின் கருவூல வாயிலில் கற்காவலர் நிற்கின்றனர். நாயின் உடற்கட்டும் சிங்கத்தின் முகச்சாயலும் கொண்ட விலங்குகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணிக்கல்லின் நிறம். அடிமைகள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது ஆண்டைகளின் கட்டளை. ஆகவே வெறுங்கையால் போரிடக் கற்று, ஒரு நாள் எழுந்து, ஆட்சியைக் கவிழ்த்தனர் என்பது கதை.

கற்பனைதான், ஆனாலும் நேர்மையான கற்பனை. அந்தச் சிலைக்குள் உயிரை ஏற்றியவன் இன்னான், ஏற்றியது இன்னதற்காக என்பதைக் கதை மறைக்கவில்லை. ஏற்றியவன் எசமான், காக்கப்படுவது அவன் கருவூலம், கடிபடுபவன் உள்ளே நுழையத் துணிந்தவன். குறை எங்கே என்றால், ஆடுபவன் அங்கே நிற்பதில்லை. சிங்கத்தின் நிறத்தை வியக்கிறான், கிடைத்த பரிசுப்பொருளை எண்ணுகிறான், அடுத்த அறைக்கு ஓடுகிறான். அடிமைகளின் கதை பின்னணி இசை போல் பின்னே ஒலித்து அடங்கி விடுகிறது. மாளிகையைக் கட்டிய கைகளைப் பற்றி அவ்வளவு சொல்லத் தெரிந்தவர்கள், வாயிலில் நிற்கும் விலங்கை வெறும் வேடிக்கையாக விட்டிருக்க வேண்டியதில்லை.

இனி நம் குதிரைக்கு வருவோம்.

வில்லியனூர்ப் பக்கம் சென்றால் சுடுமண் வேலையின் சிறப்பைக் காணலாம். அக்கலைக்காக வில்லியனூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மசிறீ விருது கிடைத்தது. களிமண்ணைப் பிசைந்து, உடலை வனைந்து, காலையும் கழுத்தையும் பொருத்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவது குயவரின் கை. இறுதியாகக் கண் திறக்கும் சடங்கு. அதுவரை மண், அதன் பிறகு தெய்வத்தின் ஊர்தி! முன் நொடிவரை குதிரையின் காதைப் பிடித்துத் திருகியவன், பின் நொடியில் அதன் முன் கைகட்டி நிற்கிறான். தான் செய்த பொருளுக்குத் தானே அஞ்சும் இந்த விந்தையை எந்த விளையாட்டு வல்லுநனும் இன்னும் எழுதவில்லை.

இந்தக் குதிரைகள் எதற்கு? நோய் தீர்ந்தால், மகப்பேறு வாய்த்தால் நேர்ந்து கொண்டு வைப்பவை. கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-ல் இன்றைய பெயரைப் பெற்ற நிலையம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஏழை எளியோர் எல்லை கடந்து வந்து, நோய் தீர்ந்து, ஊர் திரும்புகின்றனர். மருந்து இங்கே, குதிரை அங்கே! மருத்துவர் கோபித்துக் கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

குதிரையின் மீது ஏறி வாளேந்தி இரவெல்லாம் எல்லையைச் சுற்றி வருவாராம் அய்யனார். எந்த எல்லையை? கோரிமேட்டுக்காரருக்கு எல்லையைப் பற்றிப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. திண்டிவனம் சாலையில் புதுவை முடிந்து தமிழ்நாடு தொடங்குமிடம் அது. 1954 நவம்பர் முதல் நாள் வரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. கொடி இறங்கிற்று, காவலர் மாறினர், 1962-ல் சட்டப்படியும் முடிந்தது. மனிதன் போட்ட கோட்டை மனிதனே மாற்றினான். ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே போட்ட கோடு? அதையும் மனிதன்தான் போட்டான். ஆனால் அதன் மீது குதிரையை நிறுத்தி, குதிரைக்குள் ஆவியை நிறுத்தி, 'கடந்தால் சாமி அடிக்கும்' என்று சொல்லி வைத்தான். கொள்ளையருக்கும் கொள்ளை நோய்க்கும் எதிராக நிற்பதாகச் சொல்லப்படும் காவலன், பல ஊர்களில் உழைத்துக் களைத்து வரும் அண்டை மனிதனுக்கு எதிராக நிறுத்தப்பட்டிருக்கிறான்.

மிகைப்படுத்துகிறேன் என்பார் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் அய்யனாரின் பெருங்குதிரை 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஆளுயரக் காகித மாலைகளை அடுக்கடுக்காய் ஏற்கிறது. அதே மாவட்டத்தில் வேங்கைவயல். 2022 திசம்பரில் அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டனர். நாடு நாணித் தலைகுனிந்த செய்தி. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரிடம் அம்மக்கள் இன்னொன்றும் கூறினர்: இறையூர் அய்யனார் கோயிலுக்குள் எங்களை விடுவதில்லை. ஆட்சியர் அவர்களை உடனழைத்துக் கொண்டு உள்ளே சென்றார். நீரைக் காக்கக் காவல் தெய்வம் வரவில்லை. அதன் வாசலைத் திறக்க அரசாணை ஏந்திய ஓர் அலுவலர் வர வேண்டியிருந்தது!

"நம்முடைய தெய்வம்" என்றானே தம்பி, அந்த "நம்" யார் யார்? அய்யனார் பூசையில் பார்ப்பனர் இல்லை, பல ஊர்களில் குயவரே பூசாரி, உண்மை. அதனாலேயே நம்மவரில் சிலர் பெருங்கோயிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லைக் குதிரையின் முன் மட்டும் சற்றே குரல் தாழ்த்துகின்றனர். வடமொழி ஒலிக்காததாலேயே ஒரு வாசல் எல்லாருக்கும் திறந்துவிடுமா? குதிரையையே பாருங்கள். ஏர் பூட்டியவன் ஏறிய விலங்கா அது? மன்னனும் பாளையக்காரனும் ஏறியது. இன்றும் வடநாட்டில் குதிரையேறி மணவூர்வலம் சென்ற தாழ்த்தப்பட்ட மணமகன் தாக்கப்பட்டான் என்ற செய்தியைப் படிக்கிறோம்.

காவற்சிலைகளின் கதை உலகெங்கும் ஒன்றுதான். அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் தன் புதிய தலைநகரின் வாயில்களில் மனிதத் தலையும் சிறகும் கொண்ட கல் எருதுகளை நிறுத்தினான். கி.மு. 705-ல் அவன் போரில் மாண்டான். மகன் அந்நகரையே கைவிட்டான். எருதுகள் மண்ணுக்குள் புதைந்தன. 1843-ல் போத்தா என்னும் பிரெஞ்சுத் தூதர் அங்கே அகழத் தொடங்கினார். கண்டெடுத்தவற்றில் சில இன்று பாரிசில் லூவர் காட்சியகத்தைக் காத்துக் கொண்டிருக்கின்றன. நினிவே வாயிலில் எஞ்சியிருந்ததை 2015-ல் மதவெறியர் துளையிட்டுச் சிதைத்தனர். ஒகினாவாவின் டோமோரி என்னும் சிற்றூரில் தீயைத் தடுக்க 1689-ல் வைத்த கற்சிங்கம் ஒன்றுண்டு. 1945 போரில் அமெரிக்கப் படைவீரர் அதன் மறைவில் நின்றே எதிர்ப்பக்கத்தை நோட்டமிட்டனர். ஊரைக் காக்க வந்த சிங்கம், ஊர் மீது படையெடுத்தவனுக்கு அரணாயிற்று! தோட்டாத் தழும்புகள் இன்றும் அதன் உடலில் உள்ளன.

ஆவி கல்லில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? இந்நாட்டு உச்சநீதிமன்றமே ஒருவகையில் விடை சொல்லியிருக்கிறது. 1953 மே 27-ல் பெரியார் திருச்சியில் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு வந்தது. அவரே செய்வித்த மண்பொம்மை, கோயிலில் நிறுவப்பட்டதன்று, எனவே குற்றமில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் கூறின. 1958-ல் உச்சநீதிமன்றம் அந்த விளக்கம் குறுகியது என்றது. ஒரு பொருள் எத்துணை அற்பமாயினும் ஒரு சாரார் அதைப் புனிதமென மதித்தால் சட்டம் அதைக் காக்கும் என்றது. எனினும் காலம் கடந்துவிட்டதென்று வழக்கை மேலே நடத்தவில்லை. தீர்ப்பு நமக்கு உவப்பாக இல்லாதிருக்கலாம். ஆனால் அதன் உட்பொருளைக் கவனியுங்கள். மண்ணைச் சுரண்டிப் பார்த்து ஆவியைத் தேடவில்லை நீதிபதிகள். மக்களின் மனத்தைப் பார்த்தனர். அப்படியானால் சேரிக்காரனை வெளியே நிறுத்துவதும் குதிரையன்று. மனம்தான். 'சாமி குத்தம்' என்று தெய்வத்தின் தலையில் ஏற்றித் தப்பிக்க வழியில்லை.

குயவரின் கலை வாழ வேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. மழையில் கரைந்து, காலொடிந்து, மூக்குடைந்து நிற்கும் பழங்குதிரைகளை எவரும் செப்பனிடுவதில்லை. பக்கத்திலேயே புதிதொன்று வந்து நிற்கும். அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை தலைமுறைக் கைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். விளையாட்டைச் செய், தாராளமாகச் செய் என்றேன். வனைந்தவன் பெயரைச் சொல். கண் திறக்கச் சொன்னவன் யாரென்று காட்டு. கோட்டுக்கு வெளியே இருக்கும் தெருவிலிருந்து ஆடுபவனைப் புறப்படச் செய் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அங்கிருந்து புறப்பட்டால் முதல் காட்சியிலேயே குதிரை அவனைத் தடுக்குமே, அய்யா?"

"தடுக்கட்டும். அங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது" என்றேன். தாளும் எழுதுகோலும் எடுத்து வரப் போனான்.