டர்ட் பைக் டயரை வீட்டிலேயே மாற்ற ஒரு ஸ்டாண்ட்: ரபகோண்டா எப்படி இருக்கிறது?

1913-ல் தொடங்கி இன்றும் நடந்துவரும் 'இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் எண்டூரோ' பந்தயத்தில் வண்டியை ஓட்டுபவர்தான் மெக்கானிக்கும். ஆறு நாளும் அவரைத் தவிர வேறு யார் கையும் வண்டியில் வேலை செய்யக்கூடாது. ஒரு நாள் ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தும் முன் 15 நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்த டயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, மறுபடி மாட்டியாக வேண்டும். நாள் முழுக்க மலையிலும் சேற்றிலும் ஓட்டிக் களைத்த கைகளால் அதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை பெரும் வியப்பு.

அந்த 15 நிமிடத்தை மனதில் வைத்து உருவான கருவி ரபகோண்டா. எஸ்தோனியா நாட்டுத் தயாரிப்பு. சாலை பைக்குகளுக்கு இவர்களிடம் தனி மாடல் உண்டு. நான் பயன்படுத்துவது டர்ட் பைக்குக்கான 'த்ரீ மினிட் மூஸ் சேஞ்சர்'. நண்பர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டு வரவழைத்தோம். எங்கள் கூட்டத்தில் எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருப்பவர்களே அதிகம். வாரநாட்களில் அலுவலகம் போகத் தார்ச்சாலை டயர், காட்டுப் பாதைக்குப் போகும் நாட்களில் ஆழமான கட்டைகள் கொண்ட நாபி டயர் என்று மாற்றிப் போடுகிறவர்கள். ஒருவரிடம் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வண்டியும் உண்டு. ஆகவே இந்த ஸ்டாண்டுக்கு எங்களிடம் ஓய்வு குறைவு.

பஞ்சர் கடையில் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர்களின் கைவேகம் எனக்குத் தெரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல கடைகளில் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, மேலே ஏறி நின்றுதான் டயரை ரிம்மிலிருந்து பிரிப்பார்கள். அப்போது முழு எடையும் பிரேக் டிஸ்க் மேல் இறங்கலாம். டிஸ்க் கொஞ்சம் வளைந்தாலே பிரேக் பிடிக்கும்போது லீவரில் துடிப்பு தெரியும். அதோடு, எண்டூரோ டயரின் பக்கச்சுவர் சாதாரண பைக் டயரைவிட விறைப்பு. அதை முரட்டுத்தனமாக நெம்பினால் அலுமினிய ரிம்மின் ஓரம் பல்லிளிக்கும்.

ஸ்டாண்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மடக்கி வைக்கக்கூடிய மூன்று கால்கள். நடுவில் நிற்கும் தண்டில் சக்கரத்தின் ஆக்ஸில் துளையைச் செருகிப் படுக்க வைக்கிறோம். டிஸ்க் எதன்மேலும் படாமல் தொங்குகிறது. அந்தத் தண்டிலேயே ஒரு நீண்ட கைப்பிடி வந்து பொருந்தும். அதை அழுத்தினால் அதன் கீழுள்ள பாதம் டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அழுத்தி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதையே செய்தால் முதல் கட்டம் முடிந்தது. இதற்குத் தேவைப்படும் பலம் மிகக் குறைவு. எங்களில் மெலிந்தவரும் ஒரு கையால் செய்கிறார்.

இதைவிடப் பெரிய நன்மை சக்கரம் இடுப்பு உயரத்தில், ஆடாமல் நிற்பது. தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு முழங்காலால் டயரை அமுக்கி, இரண்டு கையாலும் டயர் லீவர் பிடித்து, மூன்றாவது லீவருக்குக் கை தேடும் அவஸ்தை இதில் இல்லை. டயர் மாற்றுவதில் களைப்பு முக்கால்வாசி அந்தக் குந்தலில்தான் வருகிறது. களைப்பு வந்ததும் பொறுமை போய்விடுகிறது. பொறுமை போனால் டியூப் கிழிகிறது.

ஆனாலும் எந்த ஸ்டாண்டும் தானாகத் தந்துவிடாத ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டயரின் உள்ஓரத்துக்கு பீட் என்று பெயர். அதற்குள் எஃகுக் கம்பி வளையமாக ஓடுகிறது. கம்பி நீளாது. அந்த வளையத்தின் விட்டம் ரிம்மின் வெளி ஓரத்தைவிடச் சின்னது. பிறகு எப்படி டயர் உள்ளே போகிறது, வெளியே வருகிறது? ரிம்மைக் குறுக்கே பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். பீட்டின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், நேர் எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் லீவர் வேலை செய்யும். டயர் மாற்றும் கலை மொத்தமும் இந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடுகிறது. லீவரை இழுக்க மூச்சு முட்டுகிறது என்றால் இன்னும் பலமாக இழுக்கக்கூடாது. நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் பாருங்கள். அங்கே பீட் பள்ளத்திலிருந்து மேலே ஏறியிருக்கும்.

ஸ்டாண்டின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. சக்கரம் தானாக நிற்பதால், ஒரு கையால் எதிர்ப்பக்கத்து பீட்டை அமுக்கிப் பள்ளத்தில் பிடித்துக்கொண்டு மறு கையால் லீவரைப் போடமுடிகிறது. இந்த ஒன்றுக்காகவே அதன் வடிவமைப்பைப் பாராட்டுவேன்.

டியூப் போட்ட சக்கரத்துக்குச் சில வழக்கங்களை விடவே கூடாது. கழற்றும்போது வால்வின் உள்பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் விட்டுவிடுங்கள். புது டயரை முன்கூட்டியே வெயிலில் போட்டு வையுங்கள்; சூடேறிய ரப்பர் நன்றாக வளையும். ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் வேண்டாம், ரப்பரை அவை கெடுக்கும். டியூபை உள்ளே வைக்கும்போது வடிவம் பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கட்டும். காற்றே இல்லாத டியூப் லீவரின் நுனிக்கும் ரிம்முக்கும் இடையே போய் நசுங்கும். லீவரை இரண்டு மூன்று விரல் இடைவெளிக்கு மேல் நகர்த்தவேண்டாம். கடைசி ஒரு சாண் தூரம்தான் ஆபத்தான இடம். அங்கே ஆழமாக லீவரை விடாமல், எதிர்ப்பக்கத்தை மறுபடி பள்ளத்துக்குத் தள்ளிவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். டயரின் பக்கத்தில் சுழற்சித் திசை அம்பு இருந்தால் அதையும் தொடங்கும் முன்பே பாருங்கள்.

மோட்டோகிராஸ், எண்டூரோ வண்டிகளில் ரிம் லாக் என்று ஒன்று இருக்கும். இந்த டயர்களில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரைதான் காற்று வைப்பார்கள். அவ்வளவு குறைந்த காற்றில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ரிம் சுழலும், டயர் அங்கேயே நிற்கப் பார்க்கும். வால்வு பிய்ந்துகொண்டு வரும். அதைத் தடுக்க டயரின் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிப்பதுதான் ரிம் லாக். கழற்றும்போது அதன் நட்டைத் தளர்த்தி உள்ளே தள்ளிவிட வேண்டும். ரிம் லாக் நிற்கும் இடத்தில் பீட் பள்ளத்துக்குள் இறங்காது. எனவே முதல் லீவரை அதன் அருகிலேயே போட்டால் எதிர்ப்பக்கம் தடையில்லாமல் பள்ளத்தில் இறங்கும். பழக்கமில்லாத கடைகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னொன்று: வால்வின் அடியில் உள்ள சின்ன நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். டயர் நழுவ ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

கருவியின் பெயரிலேயே உள்ள மூஸ் பற்றியும் சொல்லவேண்டும். காற்றுக்குப் பதிலாக டயருக்குள் வைக்கும் ரப்பர் நுரை வளையம் அது. மிஷலின் நிறுவனத்தின் பிப் மூஸ் இதில் புகழ்பெற்றது. புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஈடான விறைப்பு. பஞ்சர் என்ற பேச்சே கிடையாது. 2024 டக்கார் ராலியில் ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தவர் கேரளத்தின் ஹரித் நோவா. அவர் ஓட்டிய ஷெர்கோ டி.வி.எஸ். வண்டி போன்ற ராலி பைக்குகளில் மூஸ்தான் போடுகிறார்கள். தொல்லை என்னவென்றால், டியூபில் காற்றை இறக்கலாம், மூஸில் இறக்க எதுவும் இல்லை. டயரைப் பள்ளத்தில் அமுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நுரை எதிர்த்துத் தள்ளும். வெறும் லீவரால் தரையில் வைத்து மூஸ் போடுவது இரண்டு பேர் வேலை. ஸ்டாண்டின் கைப்பிடி அந்த எதிர்ப்பை அடக்கிப் பிடிக்கிறது, ஒருவரே செய்துவிடலாம். மூஸுக்கென்று விற்கும் பசையை உள்ளே பூசவும் மறக்கக்கூடாது. பூசாமல் ஓட்டினால் உராய்ந்து சூடேறி நுரை உதிர்ந்துபோகும். மூஸ் போட்ட வண்டியைத் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டவும் கூடாது. அது பந்தயத்துக்கு மட்டுமானது.

மூன்று நிமிடம் என்பது கைதேர்ந்த வீரருக்கான நேரம். வீட்டில் நிதானமாகச் செய்கிற நமக்குப் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டி செயின் சரிபார்ப்பதற்கே அதைவிடப் பல மடங்கு ஆகும். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அவசரப்பட வேண்டிய வேலையும் அல்ல.

யோசிக்க வைப்பது விலை. தருவிக்கும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் நல்ல டயர் பல ஜோடி வாங்கிவிடலாம். மடித்தாலும் பையோடு கனமாகவே இருக்கிறது. காட்டுக்குள் பஞ்சரானால் இது வீட்டில்தான் இருக்கும். அங்கே உங்களைக் காப்பது பையில் உள்ள இரண்டு லீவரும், அந்தப் பள்ளம் பற்றிய அறிவும்தான். ஆகவே முதலில் ஸ்டாண்ட் இல்லாமல், மூன்று நல்ல டயர் லீவர், ரிம் ஓரத்துக்குப் பிளாஸ்டிக் காப்பு, டிஸ்க் தரையில் படாமல் சக்கரத்தைத் தாங்க ஒரு பழைய கார் டயர், இவற்றோடு கற்றுக்கொள்ளுங்கள். கற்ற பிறகு இந்த ஸ்டாண்டின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

வருடத்துக்கு ஒருமுறை டயர் மாற்றும் தனி ஆளுக்கு ரபகோண்டா தேவையில்லை. மூஸ் போடுகிறவர்கள், பந்தயம் ஓட்டுகிறவர்கள், மாதாமாதம் டயர் மாற்றும் நண்பர் குழு, டர்ட் பைக் பயிற்சி நடத்துகிறவர்கள் ஆகியோர் தயங்காமல் வாங்கலாம். பஞ்சர் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இதேபோல் தண்டில் சக்கரத்தை நிறுத்தும் ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யச் சொல்லலாம். உங்கள் முதுகும் வாடிக்கையாளரின் டிஸ்க்கும் அதனால் பிழைக்கும்.