பீலும் ஓனும்: கட்சி துறந்த இருவர்

அரசியல்வாதியின் வாழ்வை மதிப்பிடுவதில் நம்மவரிடையே ஒரு தவறான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வென்றவனுக்கு மாலை, தோற்றவனுக்கு வசை, கொள்கையை மாற்றிக்கொண்டவனுக்குப் பச்சோந்தி என்னும் பட்டம். இதனை விமர்சனம் என்று நாம் ஒப்புவதற்கில்லை. இருவர் வாழ்வை அருகருகே வைத்து நோக்கினால் உண்மை விளங்கும்.

சர் ராபர்ட் பீல் இருமுறை பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்தவர். கத்தோலிக்கருக்குச் சம உரிமை கூடாதென நெடுங்காலம் வாதாடிய அவரே 1829-இல் அவ்வுரிமை மசோதாவைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். அந்நியத் தானியத்துக்கு வரி விதித்து நிலப்பிரபுக்களைக் காத்த சட்டமே அவர் கட்சியின் உயிர்நிலை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைகாட்டவே, மறு ஆண்டு அச்சட்டத்தையும் ஒழித்தார். சொந்தக் கட்சியாரில் பெரும்பாலோர் எதிர்த்தனர். மாற்றாரின் வாக்குகளால் மசோதா நிறைவேறிற்று. பிரபுக்கள் சபை அதனை ஏற்ற அதே இரவில், வேறொரு மசோதாவின்மீது அவரைத் தோற்கடித்தனர். அயர்லாந்தின் பஞ்சத்தை அவர் செயல் தடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பதவி போயிற்று, சீர்திருத்தம் நின்றது.

சரியாக நூறாண்டு கழித்து, 1946-இல், நமது பத்து பாகாட்டில் ஜில்லா அதிகாரியாயிருந்த டத்தோ ஓன் பின் ஜாபார், மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பினார். மே 11-இல் ஜொகூர் பாருவில் அம்னோ பிறந்தது; அவரே முதல் தலைவர். சுல்தான்களின் இறைமையைப் பறித்த திட்டத்தை மலாய் மக்கள் எதிர்த்ததில் நியாயமுண்டு. ஆனால் அதே திட்டம், இங்கே பிறந்தோருக்கும், பதினைந்து ஆண்டுகளில் பத்தாண்டு இங்கே வாழ்ந்தோருக்கும் பிரஜா உரிமை வழங்க முன்வந்தது. 1948 பிப்ரவரி 1-இல் வந்த கூட்டரசு அவ்வாயிலைக் குறுக்கிவிட்டது. பால்மரத்தடியில் உழைத்த தமிழனுக்கு இது நஷ்டமே.

வாயிலைக் குறுக்கிய இயக்கத்தின் தலைவரே 1951-இல் அம்னோவின் கதவைச் சகல இனத்தாருக்கும் திறக்கும்படி வேண்டினார். கட்சி இணங்கவில்லை. ஆகஸ்டில் வெளியேறி, செப்டம்பரில் மலாயா சுதந்திரக் கட்சியை நிறுவினார். மலாயா இந்தியர் காங்கிரசும் துணை நின்றது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் பன்னிரண்டு ஸ்தானங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. 1954-இல் அவர் தோற்றுவித்த பார்ட்டி நெகாரா, நாளடைவில் மலாய் உரிமையையே பேசலாயிற்று. 1955-இல் தோற்றார், 1959-இல் கோலத் திரங்கானுவிலிருந்து பார்லிமெண்டு சென்றார், 1962-இல் மறைந்தார்.

இருவரும் மாறினர், மாறியதைக் குற்றமென்று நாம் கொள்ளோம். புதிய உண்மை கண்டும் பழைய சொல்லைப் பிடித்துத் தொங்குவதே குற்றம். பீல் அதிகாரம் கையிலிருந்தபோதே மாறினார். அதனால் காரியம் முடிந்தது. ஓன் மேடையை விட்டிறங்கிய பின்னரே புதிய துணை தேடினார். அதுவும் பெருங்குறையன்று. தோல்வி கண்டதும், 1951-இல் தாம் சொன்ன சொல்லைவிட்டு விலகினாரே, அங்கேதான் நாம் அவரைக் குறைகூறுகிறோம்.

ஆனால் நம் குற்றம் என்ன? 1946-இல் வாயில் திறந்தபோது நம்மவரில் பெரும்பாலோர் அதைப்பற்றிக் குரலெழுப்பவே இல்லை. நமது பிரஜா உரிமைக்காகப் பிறர் வாதாடினர். பிறரே அதை மறுத்தனர். பின்னர் வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது, பிரஜா உரிமையற்ற தோட்டத் தொழிலாளர் பலர், பிள்ளை குட்டிகளுடன் கப்பலேறினர். அன்று அழுததால் பயனென்ன?

ஆகவே, தலைவர்களை எடைபோடும் தராசில் நம்மையும் ஒருமுறை ஏற்றிப் பார்ப்போமாக. பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இன்றித் துன்புறுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களை அழைத்துச்சென்று மனு எழுதிக்கொடுப்பது, எந்தத் தலைவரின் சரித்திரத்தையும்விட நமக்கு அவசரமான வேலை.