கள்ளு விட்டுப் பொங்கிய பாண்

ஒரு பாணை என் கையில் தந்தால் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். மேலே பொன்னிறமாகப் பொங்கி நிற்பதில் மயங்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாண் எப்படி வெந்தது என்பது அடியில்தான் தெரியும். விரலால் தட்டினால் வெறுங்குடத்தின் ஒலி வரவேண்டும்.

இந்தப் பழக்கம் அம்மம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் போறணை இல்லை. பெரிய தாச்சியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் குழைத்த மாவோடு வட்டமான பிஸ்கட் தகரம், மேலே தகர மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல். கேக் சுடுகிற அதே ஏற்பாடு. கேக்குக்குக் கீழ்த்தணலை வாங்கிவிடுபவர், பாணுக்கு மட்டும் கூட்டுவார். மணல் சூட்டை உள்வாங்கி நிதானமாகவே விடும் என்பதால் அடி கருகாது, தடிக்கும். அரை விரல் தடிப்பில், சிரட்டைப் புகை மெல்லப் படிந்த அடி. சொதியில் தோய்த்தால் ஊறும். ஆனால் கரைந்து கோப்பைக்குள் விழாது. கடை அச்சுப் பாணின் அடியை அப்படித் தோய்த்துப் பாருங்கள்.

ரோஸ் பாண்தான் பாண் என்பார்கள் என் நண்பர்கள் சிலர். அதன் மொறுமொறுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் எல்லாப் பக்கமும் மொறுமொறுப்பு. தடித்த அடியைக் கடித்து, பஞ்சான நடுப்பகுதிக்குள் பல் இறங்கும் அந்த மாற்றம் அதில் இல்லை.

அம்மம்மா ஈஸ்ட் வாங்கியதில்லை. காலையில் இறக்கிய பனங்கள்ளு, அதுவும் சுண்ணாம்பு தடவாத முட்டியிலிருந்து வேண்டும். “சுண்ணாம்பு பட்டதெண்டால் பிள்ளையளுக்குக் குடிக்கக் குடு தம்பி, எனக்கு வேண்டாம்” என்று படலையிலேயே சொல்லிவிடுவார். சுண்ணாம்பு புளிப்பைத் தடுத்துவிடும். புளிக்காத கள்ளில் மா பொங்காது. ஒரு பேணி கள்ளு, மிச்சத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர். ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்குக் கள்ளு அரைநாள் எடுக்கும். அந்த அரைநாளில்தான் மாவுக்கு மணமும் மெல்லிய புளிப்பும் ஏறுகின்றன.

அடுப்படியில் அமெரிக்கன் மா இரண்டு பேணிகளில் இருக்கும். ஒன்று புட்டுக்கு அவித்தது, மற்றது பச்சை. ஒருநாள் அக்கா பேணி மாறி அவித்த மாவைக் குழைத்துவிட்டார். அவித்த மாவில் காற்றைப் பிடித்து வைக்கும் பசை செத்துப் போயிருக்கும். மாலையில் தகரத்திலிருந்து வந்தது கல். அன்றும் அதைத் துண்டாக்கிச் சொதியில் ஊறவைத்துத் தின்றோம்.

1973, 74இல் மாத் தட்டுப்பாட்டால் ஊரெல்லாம் விடியமுன் பாண் வரிசையில் நின்றது. எங்கள் வீட்டில் கிடைத்த மாவோடு குரக்கன் மாவைக் கலந்து அம்மம்மா சுட்டார். கனத்தது, சரியாகப் பொங்கவில்லை. ஆனாலும் அடி சோடை போகவில்லை. ஏழு பேர் பசியோடு சுற்றி நிற்க, பாணைச் சுளகில் அடி மேலே தெரியக் கவிழ்த்து வைத்து, “ஆறட்டும்” என்பார். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாக ஒட்டும். அடியின் ஆவி போகாவிட்டால் அதுவும் நமத்துவிடும். ஆறியபின் கேக்கைப் போல ஏழாக வெட்டுவார். வட்டத் தகரத்தை அவர் விடாமல் வைத்திருந்தது அதற்காகத்தான்: ஏழு பேருக்கும் அடி சமமாக வரும்.

இன்று நான் வாங்கும் பாணைச் சூட்டோடு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டித் தருகிறார்கள். வீட்டுக்கு வருமுன் பை வியர்த்து, அடி நனைந்த மட்டையாகிவிடுகிறது. அதன்மேல் சீனி வேறு. இந்த அவசரம் புதிதல்ல. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில், மாவை இயந்திரத்தால் மூர்க்கமாக அடித்து, மணிக்கணக்கான முதற்பொங்கலைச் சில நிமிடங்களாகச் சுருக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உலகத்துக்கு நிறையப் பாண் கிடைத்தது உண்மை. ஆனால் காத்திருந்தால் மட்டும் வருகிற மணத்தை எந்த இயந்திரம் அடித்து உண்டாக்கும்?

என் வீட்டு மின் அடுப்பிலும் ஒரு தட்டில் மணல் பரப்பித்தான் சுடுகிறேன். கள்ளு இல்லாத மாதங்களில் ஈஸ்ட்தான். அடி நன்றாகவே வருகிறது, பேரப்பிள்ளைகள் அதற்கு அடிபடுகிறார்கள். அந்தப் புளிப்பைத்தான் அவர்கள் இன்னும் அறியவில்லை. வருகிற பருவத்துக்குக் கள்ளு கொண்டுவருபவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், சுண்ணாம்பு தடவாத முட்டி என்று.