காசிமேட்டுக் கடலுக்கு எந்த நரம்பு, எந்த ரீல்?

ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிக்கும் ட்ரோலிங்குக்குப் புதிதாக செட் வாங்குகிறவர்களில் பலர் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் ரீலில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைக்கிற நரம்பைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு வருகிறார்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நேரே இருக்கும் கடலில் இது சரிப்படாது. இரை எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பது நரம்பின் கையில் இருக்கிறது. கடித்த மீன் படகுக்கு வந்து சேருமா என்பது நரம்பை இறுக்கியும் நழுவவிட்டும் பிடிக்கும் ரீலின் டிராக்கில் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பக்கத்தில் ட்ரோலிங் புதுத் தொழில் அல்ல. தடித்த தங்கூஸ் நரம்பைக் கட்டையில் சுற்றி, விரலுக்கு சைக்கிள் டியூப் ரப்பரை மாட்டிக்கொண்டு, ஓடுகிற படகிலிருந்து வெறும் கையாலேயே வஞ்சிரமும் சூரையும் இழுத்த ஆட்கள் நம் குப்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். சூரைக்காகவே திருவொற்றியூர் குப்பத்தில் 2025-ல் தனி மீன்பிடித் துறைமுகமே திறந்திருக்கிறார்கள். மீன் அதேதான், கருவிதான் மாறிவிட்டது. கடையில் வந்து நிற்கும் கருவிகளில் பல நம் கடலை நினைத்துச் செய்தவை அல்ல.

அவை எங்கே வளர்ந்தவை என்று பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கலக்கும் ஆறுகளில் 1966-ல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகும், குளிர்ந்த தண்ணீர் கீழே தனி அடுக்காக நிற்கும். சால்மன் அந்தக் குளிர்ச்சியை விட்டு மேலே வர யோசிக்கும். அதனால் இரையை இத்தனை அடி ஆழம் என்று கணக்காக இறக்க வேண்டியிருந்தது. எடைக்குண்டைக் கம்பியில் இறக்கும் டவுன்ரிக்கர், நடுவில் ஈயம் ஓடும் லெட்கோர் நரம்பு, விட்ட நீளத்தை எண்ணில் காட்டும் லைன் கவுண்டர் ரீல் எல்லாம் அந்தப் பக்கத்து ஏரிகளில் கொடிகட்டிப் பறப்பதற்குக் காரணம் அதுதான். அங்கே அவை அருமையான கருவிகள். இங்கே கடைகளில் அதே கவுண்டர் ரீலைக் காட்டி, ஆழ்கடலுக்கு இதுதான் என்கிறார்கள்.

நான் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று செட். லைன் கவுண்டர் ரீலில் 50 பவுண்டு தங்கூஸ், லீவர் டிராக் ரீலில் 50 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு), பெரிய ஸ்பின்னிங் ரீலில் அதே பிரெய்ட். படகு ஒன்றே, போலி மீனும் ஒன்றே, வேகமும் ஏறக்குறைய 5 நாட்.

முதலில் கவுண்டர். மணலில் நின்றபடி நரம்பை இழுத்தோம். ஸ்பூல் நிறைந்திருந்தபோது கவுண்டர் 100 அடி காட்ட, படகு ஓட்டும் அண்ணன் கைவிரித்து அளந்தார். கிட்டத்தட்ட 17 பாகம் வந்தது, கணக்கு சரி. அறுந்தும் வெட்டியும் நரம்பு குறைந்த பிறகு மறுபடி அளந்தோம். கவுண்டர் அதே 100 அடியைக் காட்டியது, அண்ணன் கையில் வந்ததோ 12 பாகம்தான். இது பழுது அல்ல. அந்த யந்திரம் எண்ணுவது நரம்பை அல்ல, ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்பதை. நரம்பு குறையக் குறைய ஸ்பூலின் விட்டம் சிறுக்கும், ஒரு சுற்றுக்கு வெளியேறும் நீளமும் சிறுக்கும், எண் மட்டும் பழைய கணக்கிலேயே ஓடும். ஸ்பூலை எப்போதும் விளிம்புவரை நிறைத்து வைத்தால்தான் கவுண்டரை நம்பலாம்.

அப்படியே நம்பினாலும் அது சொல்வது நீளத்தை, ஆழத்தை அல்ல. ஏரியில் நீரோட்டம் பொதுவாக மெல்லியது. நம் கடலில் வடக்கேயும் தெற்கேயும் மாறி மாறி வெள்ளம் இழுக்கும். வெள்ளத்தை எதிர்த்து ஓடும்போது ஒரு ஆழம், அதோடு சேர்ந்து ஓடும்போது வேறு ஆழம். கவுண்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் முடிவு. 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்ட் கிடைக்கிறது. 10 மீட்டர் என்றால் ஏறத்தாழ ஐந்தரை பாகம். நீலம் போய் மஞ்சள் வந்தால் ஐந்தரை பாகம் போய்விட்டது என்று கண்ணாலேயே தெரியும். ஸ்பூல் பாதியானாலும் நிறம் பொய் சொல்லாது.

நரம்புக்கு வருவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. 50 பவுண்டு தங்கூஸின் விட்டம் சுமார் 0.70 மில்லிமீட்டர். அதே பலமுள்ள பிரெய்ட் சுமார் 0.36. தண்ணீர் நரம்பைப் பிடித்து இழுக்கும் விசை விட்டத்தோடு கூடும், ஆகவே பிரெய்ட் ஏறக்குறைய பாதி இழுவையோடு தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும். அதே போலி மீன் தங்கூஸில் ஓடியதைவிட பிரெய்டில் நன்றாகக் கீழே இறங்கியது, கம்பின் நுனி அடித்துக்கொள்வதிலேயே அது தெரிந்தது. ராப்பாலாவின் எக்ஸ்-ராப் மேக்னம் 30 போன்றவற்றில் பெயரோடு வரும் எண், அது இறங்கும் ஆழத்தை அடியில் சொல்வது. தடித்த நரம்பைக் கட்டிவிட்டு அந்த 30 அடியை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. 200 மீட்டர் தங்கூஸ் கொள்ளும் ஸ்பூலில் இந்தப் பிரெய்ட் 700 மீட்டருக்கு மேல் கொள்ளும். பெரிய சூரை ஒரே ஓட்டமாகக் கீழே பாயும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் பிரெய்ட் மட்டும் போதாது. அதற்கு நீட்சி மிகக் குறைவு. தங்கூஸ் இழுத்தால் கணிசமாக நீளும், அந்த நீட்சிதான் அடியைத் தாங்கும் மெத்தை. வஞ்சிரம் முழு வேகத்தில் அடித்துவிட்டுத் திரும்பும், படகோ எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் மெத்தை இல்லையென்றால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பிரெய்டின் முனையில் 10 முதல் 15 பாகம் தங்கூஸைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அதன் நுனியில் ஒரு முழம் கம்பி கட்டாயம். வஞ்சிரத்தின் பல்லுக்கு முன்னால் எந்த நரம்பும் நிற்காது. ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்பார்கள். கம்பி கட்டும் இடத்தில் அந்தச் செலவுக்கு அர்த்தம் இல்லை.

பிரெய்டையும் தங்கூஸையும் சேர்க்கும் முடிச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். எஃப்ஜி முடிச்சு நல்லது, தங்கூஸ் மடங்காமல் இருக்க பிரெய்ட் அதன்மேல் பின்னிக்கொண்டு போகும். பருமனான முடிச்சு போட்டால், நரம்பைச் சீராக அடுக்கும் லெவல்வைண்டின் சின்னக் கண்ணில் அது ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டே போகும். என் கவுண்டர் ரீலில் அந்தக் கண்ணை நகர்த்தும் திருகுத்தண்டின் பள்ளத்தில் உப்பும் மணலும் சேர்ந்து, மீன் ஓடும் நேரத்தில் கண் நடுவிலேயே நின்றுவிட்டது. கடலுக்கு லெவல்வைண்ட் இல்லாத ரீல் மேல். நரம்பைக் கட்டைவிரலால் அடுக்கப் பழகிக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

டிராக்கில் நட்சத்திரச் சக்கரம் உள்ளது ஒரு வகை, லீவர் உள்ளது இன்னொரு வகை. பென் நிறுவனத்தின் செனட்டர் 1936-லிருந்து வருகிறது, நட்சத்திர வகையில் உழைப்புக்குப் பெயர் போனது. லீவரின் வசதி வேறு. ஒருமுறை அளந்து வைத்த இடத்துக்கு லீவரைத் தள்ளினால் அதே பிடி திரும்பக் கிடைக்கும். நட்சத்திரத்தைப் பதற்றத்தில் திருகிவிட்டால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. ஷிமானோ டிஎல்டி 25 போன்ற லீவர் ரீல் ஃபைபர் படகுக்குப் போதும். டிராக்கை அளக்கத் தனிக் கருவி வாங்காதீர்கள். மீன் நிறுக்கும் தொங்கு தராசு எடுத்து, அதன் கொக்கியில் நரம்பைக் கட்டி, கம்பை வளைத்து இழுங்கள். 50 பவுண்டு என்பது 22.7 கிலோ, அதில் கால்பங்கு, அதாவது சுமார் 5.7 கிலோ காட்டும்போது நரம்பு நழுவ வேண்டும். ஸ்பூல் காலியாகி விட்டம் பாதியானால் அதே டிராக் இரண்டு மடங்காக இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மீன் தொலைவில் ஓட ஓட லீவரைத் தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது.

ஸ்பின்னிங் ரீல் எறிந்து பிடிக்க அருமையானது. மணிக்கணக்கில் இரையை இழுத்துக்கொண்டு போக அது வேண்டாம், நரம்பு முறுக்கிக்கொள்கிறது. லெட்கோர் ஏரிக்கே இருக்கட்டும்.

எண்ணூர் முகத்துவாரம் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்தது. வலையும் படகும் கருத்து, மீனவர்கள் பட்ட துயரம் நாம் எல்லோரும் அறிந்தது. பின்னல் நரம்பான பிரெய்ட் அழுக்கைத் தனக்குள் பிடித்துவைக்கும். எண்ணெய் பட்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணிக்குள் நரம்பை ஓடவிட்டு வழித்து எடுங்கள். ரீலைக் கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் நிறம் மாறும் 50 பவுண்டு பிரெய்ட், அடுத்து கம்பியும் நல்ல முள்ளும், மிச்சத்தில் எளிய லீவர் டிராக் ரீல் என்று வாங்குங்கள். கவுண்டர் வேண்டாம். வெட்டிப்போட்ட பிரெய்ட் துண்டு மக்காது, பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. ஒரு துண்டைக்கூடக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.